கேஸ் ஷீட்டும் கதையும்

கதை எழுதுகிறவனுக்கு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். நாவலைப் பற்றிச் சொல், சிறுகதையைப் பற்றிச் சொல், கேட்டுக்கொள்கிறோம். டாக்டர்கள் கம்ப்யூட்டரில் எழுதிவைக்கும் குறிப்புகளை விமரிசிக்க உனக்கு ஏது யோக்கியதை என்பது அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்த இன்னொரு கேள்வி. எனக்கு வைத்தியம் தெரியாது. கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது அதைவிடக் குறைவு. ஆனால் ஒரு மனிதன் தன் கஷ்டத்தைச் சொல்ல, இன்னொரு மனிதன் அதைக் கேட்டு எழுதிவைக்கிறான் என்றால், அங்கே ஒரு கதை எழுதப்படுகிறது. இது எனக்குத் தெரியும். எழுத்தாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வருஷத்தில் எழுதுகிற கதைகளைவிட அதிகமான கதைகளை ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஒரே மாதத்தில் எழுதித் தள்ளிவிடும் என்று நினைக்கிறேன். அவற்றைப் படித்துவிட்டு, இது நன்றாயிருக்கிறது, இது நன்றாயில்லை என்று சொல்லக் கதைக்காரனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்பது என் கட்சி.

இந்த விஷயத்தை நானாகத் தேடிப் போகவில்லை. ஐப்பசி மழையில், பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும் பனியும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற பூமி. சீசன் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் முப்பது வருஷம் பழம் பறித்து ஓய்ந்துபோன ஒரு பாட்டி, லயத்து வீடு ஒன்றில் தனியாக இருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. அடிக்கடி மயக்கம் வருகிறது என்று சொன்னதன் பேரில், நண்பர் ஒரு நாள் காலையில் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

பட்டிவீரன்பட்டி வழியாக இறங்கினோம். வத்தலகுண்டு பக்கத்தில்தான் இருந்தது. ராஜமய்யரையும் பி.எஸ்.ராமையாவையும் தமிழுக்குக் கொடுத்த ஊர். விமரிசனத்துக்கென்றே 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பாவின் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படுகிற ஊர். அந்த மண்ணுக்குப் பக்கத்தில் போனதால்தானோ என்னவோ, அன்று எனக்கும் கொஞ்சம் விமரிசன புத்தி வந்துவிட்டது.

நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது எங்கேயும் நடக்கக்கூடியது. டாக்டர் இளைஞர். முகத்தில் களைப்பு இருந்ததே தவிர, கடுமை இல்லை. வெளியே நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் பாட்டிக்கும் நடுவில், சற்று ஒருக்களித்தாற்போல், ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

“என்னம்மா செய்யுது?” என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே.

“ஆடி மாசம் பேத்தி திருப்பூருக்குப் போயிட்டா சாமி. அதுலேருந்து...”

“எத்தனை நாளா?”

“அவ போனதுலேருந்துதான்.”

“நாள் கணக்குச் சொல்லுங்கம்மா.”

பாட்டி என்னைப் பார்த்தாள். அவளிடம் இருந்த கணக்கு அது ஒன்றுதான். அதைத்தான் இரண்டு தரம் சொல்லிவிட்டாளே! டாக்டர் சற்று யோசித்து 90 என்று தட்டினார். அந்தக் கட்டத்தில் எண் விழாவிட்டால் அடுத்த கட்டம் திறக்காதாம், பிறகு தெரிந்துகொண்டேன். மயக்கமா, தலைசுற்றலா என்று கேட்டார். இரண்டுந்தான் என்றாள். போன தடவை எழுதிய மருந்துப் பட்டியல் ஒரு பொத்தானை அமுக்கியதும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு. எல்லாம் நாலு நிமிஷம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பாட்டி சற்று நேரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மருந்து கொடுக்கும் ஜன்னலருகே நின்ற நடுத்தர வயது நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே, “காலையில என்ன ஆத்தா சாப்பிட்டே?” என்று கேட்டாள்.

“வரக்காப்பி.”

“நேத்து ராத்திரி?”

“ஒருத்திக்கு என்னத்தைப் பொங்குறது?”

“மாத்திரை?”

“அது போட்டுட்டேன். மாத்திரையை மட்டும் விடறதில்லே.”

விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருக்கவில்லை, அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. சில சர்க்கரை மாத்திரைகளின் சுபாவம் அப்படி. வயிற்றில் சோறு விழுந்ததா என்று அவை பார்ப்பதில்லை. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். பேத்தி இருந்தவரை வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள். பாட்டி சாப்பிட்டாள், மாத்திரையும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பேத்தி மில் வேலைக்குப் போனாள். அடுப்பு அணைந்தது. மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரில் பாட்டி கண் திறந்ததும் டாக்டரே எழுந்து வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நடுவில் திரை இல்லை. கேட்டார், கேட்டுக்கொண்டார், மருந்தை மாற்றினார். “இதை நான் முதல்லேயே கேட்டிருக்கணும்” என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அவர் முன்னால் திரையில் இருந்ததே, அந்த எழுத்து, அதை விமரிசிக்காமலிருக்க முடியவில்லை. ‘மயக்கம், 90 நாள், சர்க்கரை வியாதி, முந்தைய மருந்தே தொடர்க.’ இதில் பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. அத்தனையும் நிஜம். ஆனாலும் இது ஒரு மோசமான கதை. மோசமான கதை என்று நான் சொல்வது அலங்காரம் குறைவு என்பதற்காக அல்ல. பேத்தி போனாள் என்பது ஒரு சம்பவம். பாட்டிக்கு மயக்கம் வந்தது என்பது இன்னொரு சம்பவம். இரண்டுக்கும் நடுவே ‘அதனால்’ என்று ஒரு சொல் வரும்போதுதான் அது கதையாகிறது. அதே சொல்தான் அதை வைத்தியமும் ஆக்குகிறது. பாட்டி தன் முதல் வாக்கியத்திலேயே அந்த ‘அதனால்’ என்பதைக் கொடுத்துவிட்டாள். படிப்பில்லாத அந்தக் கிழவி சரியான இடத்தில் கதையை ஆரம்பித்தாள். ஆரம்பம் தேவையில்லை, எண்ணைக் கொடு என்றது கட்டம்.

இதைச் சொன்னதும், பழைய காகிதக் காலத்துக்கு நான் கொடி பிடிப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலத்தின் லட்சணம் மலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மேல்மலையில் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒருவருக்கு வியாதி முற்றினால், கொடைக்கானலில் பார்த்துவிட்டுத் தேனிக்கோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். மஞ்சப்பையில் சீட்டுகள், எக்ஸ்ரே படம், மூலை மடங்கிய நோட்டு. மழையில் பை நனைந்தால் பத்து வருஷத்து வியாதி கரைந்து போகும். நனையாமல் போய்ச் சேர்ந்தாலும், ஒரு டாக்டரின் கையெழுத்து இன்னொரு டாக்டருக்குப் புரிய வேண்டுமே! எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது நினைவில்லாத நோயாளி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி செய்துகொண்டு, பணத்தையும் ரத்தத்தையும் இரண்டாம் தடவை கொடுத்தாக வேண்டும். மதுரை டாக்டர் ஒரு பெயரைத் தட்டியதும் மலைமேல் எழுதியது முழுவதும் கண்ணெதிரே வருமானால், அது எவ்வளவு பெரிய உபகாரம்! அதை வேண்டாமென்று சொல்கிறவன் மலையிலிருந்து நோயாளியோடு பஸ்ஸில் இறங்கியதில்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே இது வந்தது நல்லதற்கே. 2005-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் வழியாகக் கம்ப்யூட்டர் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்தது. 2021 ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே வீடு தேடிப் போய், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்துப் பதிவும் செய்கிறார்கள். அதே வருஷம் செப்டம்பரில் மத்திய அரசாங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் 14 இலக்கத்தில் ஓர் ஆரோக்கிய எண் என்ற ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. பாட்டிக்கும் அப்படி ஓர் எண் இருக்கிறது. அவளுக்கு அது மனப்பாடமில்லை. அதனாலென்ன, எனக்கும் என் எண் மனப்பாடமில்லை.

இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க டாக்டர் 1968-ல், நோயாளியின் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பிரசித்தமான கட்டுரை எழுதினார். மனம் போன போக்கில் கிறுக்கிவைக்காதீர்கள். நோயாளியின் பிரச்னைகள் ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றைப் பற்றியும் டாக்டர் என்ன நினைக்கிறார், ஏன் நினைக்கிறார் என்பது தெரியும்படி எழுதுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் வகுத்த முறையில் முதல் இடம் நோயாளி தன் வாயால் சொல்வதற்குத்தான். அதற்குப் பிறகே டாக்டர் கண்டது, கருதியது, செய்யப்போவது. நல்ல விமரிசகனின் புத்தி அது. ஆனால் 2009-ல் அமெரிக்க அரசாங்கம் சட்டம் போட்டு, பணம் கொடுத்து, ஆஸ்பத்திரிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, அந்தக் குறிப்பேடு வைத்தியத்துக்கு மட்டும் அல்லாமல் பில் போடவும் கணக்குக் காட்டவும் சேர்த்தே தயாராகிவிட்டது. நோயாளி சொல்வதற்கென்று வீட் விட்டுவைத்த இடம் காகிதத்தில் இன்னும் இருக்கிறது. காரியத்தில் அது சுருங்கிவிட்டது.

இதை முன்கூட்டியே பார்த்தவர்களில் ஒருவர் நமக்கு வேண்டிய மனிதர். ஆப்ரகாம் வர்கீஸ், நம் சென்னை மெடிக்கல் காலேஜில் படித்தவர், நாவலாசிரியரும்கூட. 2008-லேயே அவர் எழுதினார்: கட்டிலில் கிடக்கும் நோயாளியை விடக் கம்ப்யூட்டரில் இருக்கும் நோயாளிக்கே டாக்டர்களின் கவனிப்பெல்லாம் கிடைக்கிறது, கட்டிலில் இருப்பவர் வெறும் அடையாளக் குறியாகிவிட்டார் என்று. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த நோயாளிக்கு ‘ஐ-பேஷண்ட்’ என்று பெயரும் வைத்தார். டாக்டரும் கதைக்காரரும் ஒரே ஆளாக இருந்ததால்தான் இது அவர் கண்ணில் பட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம். பாத்திரத்தை விட்டுவிட்டு அதன் நிழலோடு பேசிக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட தப்பு என்று நாவல் எழுதியவனுக்குத் தெரியும்.

எழுதுவது யார், எழுதியதைப் படிப்பது யார் என்பது இன்னும் பெரிய கேள்வி. இதற்குக் கொடைக்கானலே ஒரு கதை வைத்திருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பிற்பாடு இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது வெளிப்பட்டு, 2001-ல் அது மூடப்பட்டது. தொழிலாளர்கள் தங்கள் உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். தொழிலாளர்களைத் தொடர்ந்து வைத்தியப் பரிசோதனை செய்தே வந்தோம், வேலையால் கெடுதல் எதுவும் காணப்படவில்லை என்றது கம்பெனி. வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் ஏற்பட்டது. மூடியதிலிருந்து சமரசம் வரை பதினைந்து வருஷம்!

அந்த வழக்கில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் கண்ணில் படுவது வேறு. மற்றவர்களின் காய்ச்சலை எண்ணாக்கிக் காட்டும் கருவியைத் தங்கள் கையால் செய்தவர்கள் அவர்கள். அவர்களுடைய உடம்பைப் பற்றிய எண்கள் ஒரு பக்கம் இருந்தன. அவர்கள் வாய்ச் சொல் இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதபோது ஏட்டுக்குத்தான் முதல் மரியாதை. வாய்ச் சொல் தன்னை நிரூபித்துக்கொள்ளப் பல வருஷம் அலைய வேண்டும். ஏட்டில் நோயாளியின் வார்த்தைக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நம் உடம்பைப் பற்றி எழுதியது நமக்குத் தெரியாமல் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

சட்டம் இதை அறவே மறந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்து வைத்தியம் செய்துகொண்டவரின் குறிப்புகளை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும்; அவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்து கேட்டு வாங்கினாலும் கிடைப்பது இங்கிலீஷ். அதுவும் டாக்டர்களுக்குள் புழங்கும் சுருக்கெழுத்து இங்கிலீஷ். பாட்டி தமிழில் கதை சொன்னாள். அது இங்கிலீஷாகி, இங்கிலீஷிலிருந்து எண்ணாகிவிட்டது. இரண்டு தடவை மொழிபெயர்த்த கவிதையைப் படித்துவிட்டு மூலத்தை எடை போடுகிற விமரிசகனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆஸ்பத்திரியில் தினமும் நடப்பது அதுதான்.

அமெரிக்காவிலே 2010-ல் நூற்றுச் சொச்சம் டாக்டர்கள் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். தாங்கள் எழுதுவதை நோயாளிகளே படிக்கும்படி திறந்துவிட்டார்கள். பயந்துபோவார்கள், சண்டைக்கு வருவார்கள் என்றெல்லாம் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. பெரும்பாலான நோயாளிகள் இது தொடர வேண்டும் என்றே கேட்டார்கள். தங்கள் மருந்தைப் பற்றித் தங்களுக்கே தெளிவு வந்தது என்றார்கள். 2021-லிருந்து அங்கே சட்டமே அப்படி ஆகிவிட்டது. படிக்கப்போகிறவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் எழுதுகிறவனின் கை தானாகவே கவனமாகிவிடும். எழுத்தாளர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

கொடைக்கானலில் இன்னொரு ஏடும் இருக்கிறது. 1899-ல் ஸ்தாபித்த சூரிய ஆராய்ச்சி நிலையம், 1904-லிருந்து சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறது. மேகம் மறைக்காத நாளெல்லாம் ஒரு படம். 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தக் கண்ணாடித் தகடுகளை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது; கம்ப்யூட்டரைத் திட்டத் தோன்றவில்லை. ஆனால் சூரியனுக்கு வாய் கிடையாது. அதன் வியாதியை அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. படமும் எண்ணுமே கதி. நோயாளிக்கு வாய் இருக்கிறது. சூரியனைப் பார்க்கிற மாதிரி அவனையும் பார்ப்பதுதான் தப்பு.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. அத்தனை கட்டங்களுக்கும் மேலே, ‘நோயாளி சொன்னது’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அதில் அவர் சொன்ன முதல் வாக்கியத்தைத் தமிழிலேயே, அவர் வார்த்தையிலேயே எழுதட்டும். ஒரே ஒரு வாக்கியம். டாக்டருக்கு நேரமில்லையென்றால் நர்ஸ் எழுதட்டும். திரையை நோயாளியும் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பி வைக்கட்டும். முந்தைய மருந்தை அப்படியே போடும் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், “சாப்பாடு எப்படி?” என்று ஒரு கேள்வி வந்து நிற்கட்டும். போகும்போது எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டட்டும்; தப்பென்றால் அவர் சொல்லட்டும். இதற்காகும் நேரம் அரை நிமிஷம்தான் என்று நான் சொன்னால் டாக்டர்கள் நம்பமாட்டார்கள்; இரண்டு நிமிஷம் என்றே வைத்துக்கொள்வோம். பாட்டியை இரண்டாம் தடவை பார்க்க அந்த டாக்டருக்கு அன்று ஆன நேரம் இருபது நிமிஷம்.

திரும்பும்போது மருந்து ஜன்னலில் அந்த நர்ஸ், மாத்திரைக் கவரின் மேல் பேனாவால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு சூரியன், அதன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. “தட்டு முதல்ல, அப்புறந்தான் மாத்திரை. தட்டு இல்லேன்னா மாத்திரையும் இல்லே. என்ன ஆத்தா?” என்றாள். பாட்டி கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பற்றி எழுதியதில், அவளால் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.